பதம் பார்ப்பது சாப்பிடுவதல்ல

ஜனவரி 7, செவ்வாய்

இன்றிலிருந்து வாய்க்குள் போவதையெல்லாம் தேதி போட்டு எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மாதம் ஒருமுறை சாப்பாட்டு வரிகளை மட்டும் ஒரு தாளில் பெயர்த்துக் கொண்டுபோய்க் காட்டினால் போதுமாம். மீதி என் சொந்த உபயோகத்துக்கு.

காலை இட்லி நான்கு. மதியம் சோறு, சுண்டவற்றல் குழம்பு, அப்பளம் இரண்டு. இரவு தோசை மூன்று. சர்க்கரை போடாத டீ இரண்டு. வழக்கமாக ஏழு, அதுவும் சர்க்கரை மேலே மிதக்குமளவுக்கு.

இந்த டைரி கடைக்கு மைதா சப்ளை செய்பவர் கொடுத்தது. முதல் பக்கத்தில் பெயர், வயது, எடை என்று கோடு போட்டிருக்கிறார்கள். நிரப்பினேன். ஆவுடையப்பன். நாற்பத்து மூன்று. தொண்ணூற்றொரு கிலோ. தொழில்: கோவில்பட்டியில் ஒரு மிட்டாய்க்கடையில் ஸ்வீட் மாஸ்டர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். 'அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர்' என்ற இடத்தில் மனைவி செண்பகவல்லி, பெண்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியை என்று எழுதினேன். அவளுக்குத் தெரிவித்தால் அவசரமே பயந்து ஓடிவிடும்.

கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. வல்லி ஆறு வருடமாக எல்லாப் பரிசோதனையும் செய்து முடித்துவிட்டாள்; அவளிடம் ஒரு கோளாறும் இல்லை என்று மூன்று ஊர் டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். சீசன் நேரமாக இருந்தது. மிட்டாய்க்கடையில் ஆறு வருடமும் ஏதாவது ஒரு சீசன்தான்.

கடைசியில் போன வாரம் வல்லி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். டாக்டர் பெனாசிருக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். டாக்டர் ஒரு எண்ணைக் காட்டினார். 212. ஆண் ஹார்மோனாம். முந்நூறாவது இருக்க வேண்டுமாம். பரீட்சையில் பாஸ் மார்க் முப்பத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கிய மாதிரி.

விளக்கமும் சொன்னார். இனிப்பு அதிகமானால் வயிற்றில் கொழுப்பு சேரும்; அந்தக் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காமல் ஆண் ஹார்மோனைப் பிடித்துப் பெண் ஹார்மோனாக மாற்றும்; இன்சுலின் ஏறினால் அது வேறு இதைக் கீழே தள்ளும். எல்லா ஆண்களுக்கும் இப்படித்தான் ஆகும் என்றில்லை, உங்கள் விஷயத்தில் இதுதான் காரணமாகத் தெரிகிறது என்றார். என் தொப்பைக்குள் ஒரு தொழிற்சாலை நடப்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

"ஷுகர் வியாதி இன்னும் வரல மாஸ்டர். வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு நிக்குது" என்றார். சின்ன வயது, ஆனால் வாய் பெரியது. எனக்குப் பிடித்துவிட்டது.

ஜனவரி 8, புதன்

இட்லி மூன்று. மதியம் கீரை, சோறு. டீ ஒன்று, சர்க்கரை இல்லை. இனிப்பு: இல்லை.

கடையில் காலை ஐந்து மணிக்கு லட்டு, மைசூர்பாகு, ஜாங்கிரி. பதம் பார்த்தேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பதம் பார்ப்பது சாப்பிடுவதல்ல, அது வேலை. டீச்சர்மார் சாக்பீஸ் தூளை விழுங்குவதை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லையே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சங்கரன்கோவிலிலிருந்து இசக்கியம்மாள் அக்கா வந்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் முன்னால் எனக்கு வயது பத்து.

சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன் (வல்லி அளந்து வைத்தது). வடை இரண்டு.

அக்கா வல்லியிடம், இந்த ஆடியிலாவது அம்மன் கோவிலில் மண்சோறு சாப்பிடு, கர்ப்பப்பை குளிரும் என்றாள். வல்லி சிரித்துக்கொண்டே பானையை இறக்கப் போய்விட்டாள். நான் முற்றத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கரும்பு வெட்ட இருபது நிமிஷம் ஆயிற்று. இந்த வருஷக் கரும்பு ரொம்பக் கெட்டி.

பிப்ரவரி 2, ஞாயிறு

பள்ளி மைதானத்தில் நடை, வல்லியோடு. நான் நடந்தேன், வயிறு முன்னால் போய்க் காத்திருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இனிப்பு: இல்லை. டீ: ஒன்று. எடை: தொண்ணூற்றொன்று. தராசு பழுது என்று நினைக்கிறேன்.

கடை உதவியாள் கோமதிநாயகம் இருபது வருடமாக என்னோடு அடுப்படியில் நிற்பவன். அண்ணாச்சி, மெலிஞ்ச மாதிரி இருக்கீங்க என்றான். அவனுக்கு நாளைக்கு லீவு வேண்டுமாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதக் கூச்சமாக இருக்கிறது. வல்லி இந்த டைரியைத் தொடமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று இரண்டாவது ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில், காலையில் எடுக்க வேண்டும். கடையில் ஒரு கல்யாண ஆர்டருக்கு எண்ணூறு ஜாங்கிரி. ஐந்து மணிக்குப் பிழியத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிட்டு, நேராக லேபுக்குப் போய்க் கையை நீட்டினேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். குடிக்கவும் இல்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு மறுபடி கடை. மூன்று மணிக்கு டாக்டரிடம். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஆண் ஹார்மோன் 196. இறங்கியிருக்கிறது. வெறும் வயிற்றில் இருக்கக் கூடாத அளவுக்கு ரத்தத்தில் சர்க்கரை. ஏழு வாரமாக இனிப்பே இல்லை என்று எழுதிக் கொண்டுவந்த என் தாள் வேறு மேஜை மேல் முத்து முத்தான கையெழுத்தில் கிடந்தது.

எல்லாம் சரியாக இருக்கும்போது ஏன் இப்படி என்று டாக்டர் உண்மையாகவே கவலைப்பட்டார். இந்த ஹார்மோனுக்கு உத்தரவு போடுவது மூளைதானாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூளையை ஸ்கேன் எடுக்கலாமா என்றார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். ஒரு விநோத நோய்க்காரனாக இருப்பதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த வல்லி, "டாக்டர், ஸ்கேனுக்கு முன்னால அவர நாக்க நீட்டச் சொல்லுங்க" என்றாள்.

நீட்டினேன். டாக்டர் எட்டிப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். நாக்கு முழுக்க ஜாங்கிரி ஆரஞ்சு.

"காலைல ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியும் சாப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"சாப்பிடலம்மா. பதம் பாத்தேன்."

"எத்தனை?"

சொன்னேன். பாகுக்கு ஒரு விரல், ஒரு தடவை சட்டியில் போட்டுப் பொரித்தெடுக்கும் ஈடுக்கு ஜாங்கிரியில் ஒரு கண்ணி, ஊறிய ஈடுக்கு ஒரு கண்ணி. மொத்தம் பதினாறு ஈடு. டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். இனிப்பு வயிற்றில் விழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அந்த ஹார்மோனே இறங்கிக் கிடக்குமாம். அதனால்தான் வெறும் வயிறு என்பதாம். இந்த ரத்தம் குப்பைக்குத்தான், பரவாயில்லை, ஆனால் இந்த ஏழு வாரமும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போனதுதான் எனக்கு வருத்தம் என்றார். விந்தணு புதிதாக உருவாகி வர இரண்டரை மூன்று மாதம் ஆகுமாம். இனி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வல்லி ஸ்கூட்டரை ஓட்டினாள். நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நாக்கு தெரியாமல்.

பிப்ரவரி 26, புதன்

சாயங்காலம் வல்லி சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவையும் ஒரு பெரிய டம்ளரையும் வைத்தாள். நேற்று காலையிலிருந்து டாக்டரிடம் கிளம்பும் வரை பதம் பார்த்ததை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரை இருக்குமோ அவ்வளவு, இதில் போடுங்கள் என்றாள். தொழில் தெரிந்தவன் நான், ஏமாற்ற முடியாது. எந்த லட்டில் எத்தனை கிராம் என்பது எனக்கு மனப்பாடம்.

போடப் போட டம்ளர் நிறைந்தது. மதிய அல்வாவுக்கு வரும் முன்பே வழிந்தது. இன்னொரு டம்ளர் எடுத்து வைத்தாள்.

அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிந்தியதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இந்த ஆறு வருஷத்துல நாப்பத்தோரு ஊசி. வெறும் வயித்துல வான்னா வெறும் வயித்துலதான் போயிருக்கேன்."

நாற்பத்தொன்று. நான் ஒன்றுக்கும் கூடப் போனதில்லை.

மார்ச் 3, திங்கள்

முதல் நாள், பதம் பார்க்க நாக்கு இல்லாமல். தலைவலி. கோமதிநாயகத்தை இரண்டு முறை திட்டினேன். ஒன்று நியாயமானது.

மார்ச் 6, வியாழன்

கடையில் வதந்தி. மாஸ்டருக்கு நாக்கு செத்துவிட்டது என்று பாத்திரம் கழுவும் அம்மா சொன்னாராம். இல்லை, ஈரல் என்றாராம் டெலிவரி ஆள். கல்லாவில் இருக்கும் தாத்தா, செய்வினை, எதிர்க்கடைக்காரன் வேலை என்று பெயரோடு சொன்னாராம். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திருச்செந்தூர் முருகனுக்கு விரதம் முதலாளி, மூணு மாசம் இனிப்பு தொடுவதில்லை என்று வந்துவிட்டது.

முதலாளி கண் கலங்கிவிட்டார். இனிப்புக்கு நடுவில் நின்றுகொண்டு இப்படி ஒரு விரதமா என்று என் நெற்றியில் தன் கையாலேயே விபூதி பூசினார். வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொல்கிறார். ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வல்லியிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. சிரித்தாள். பிறகு, முருகன் பேரைச் சொல்லத் தெரிகிறது, காரணத்தைச் சொல்லத்தான் தெரியவில்லை என்றாள்.

மார்ச் 19, புதன்

ஒரு அவமானத்தைப் பதிவு செய்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையின் பெயரே என் நாக்கில் நிற்கிறது என்று நம்பியிருந்தேன். சொல்லியும் திரிந்தேன். இப்போது பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்க்கிறேன்: கம்பி எழும்புகிறதா, எத்தனை எழும்புகிறது. மைசூர்பாகில் நெய் கக்கும் சத்தத்தைக் கேட்கிறேன். அல்வா கரண்டியை விட்டுச் சுருண்டு வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். உப்பு, ஏலக்காய் சரியா என்று கோமதிநாயகம் ஒரு துளி பார்க்கிறான்.

பதினேழு நாள். ஒரு வாடிக்கையாளர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. முதலாளி, இப்போதெல்லாம் அல்வா இன்னும் பக்குவமாக வருகிறது, விரத மகிமை என்கிறார்.

ஆக வேலையை விரலும் கண்ணும் காதும் செய்திருக்கின்றன. நாக்கு இத்தனை வருடம் சும்மா வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி, பந்தியில் மட்டும் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

எடை எண்பத்தேழு. தராசு பழுதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வல்லிக்குப் பள்ளியில் கோடைப் பயிற்சி முகாம். நடைக்குப் போன நான் கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் மனைவி வேலை செய்வதை இன்றுதான் பார்க்கிறேன். அவள் என் கடைக்கு எத்தனையோ முறை வந்து, அடுப்பு வெக்கையில் நின்று பார்த்திருக்கிறாள்.

கோ-கோ ஆடுகளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாள். கயிறு பிடிக்கவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்க்கோடியில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்தபடி நடந்தாள். திரும்பிப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. இருபத்தேழு மீட்டர். நான் ஜிலேபி சுற்றுகிற வித்தையை ஊரே பார்த்து வாய் பிளக்கிறது. நேர்க்கோடு போடுவது அதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், சுற்றத் தெரிந்தவன் என்பதால்.

பிறகு பிள்ளைகளோடு ஓடினாள். முப்பத்தெட்டு வயது. சுடிதார், தலையில் ஒரு தொப்பி. பதினான்கு வயதுப் பிள்ளைகளில் இரண்டு பேர்தான் அவளை முந்தினார்கள். ஒரு குண்டுப் பிள்ளை ஓட முடியாமல் கடைசியில் நின்று அழுதது. வல்லி அந்தப் பிள்ளையிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய், அதே வேகத்தில், அதே மூச்சு வாங்கி, கூடவே கோடு வரை ஓடினாள். அந்தப் பிள்ளை முடித்ததும்தான் விசில்.

என்னோடு தினமும் மைதானத்தைச் சுற்றும்போது அவள் ஏன் அவ்வளவு மெதுவாக நடக்கிறாள் என்று புரிந்தது. அவளுடைய நடையே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மே 12, திங்கள்

காலை கேழ்வரகு தோசை இரண்டு. மதியம் மீன் குழம்பு, சோறு கொஞ்சம்.

அக்கா போன். அவள் மகள் மாரிச்செல்விக்கு ஜூன் எட்டாம் தேதி வளைகாப்பு. முந்நூறு லட்டு, இருநூறு மைசூர்பாகு நான் கொண்டுவர வேண்டும். சந்தோஷமாகச் சரி என்றேன். அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் திரிந்தவன் நான்.

பிறகு அக்கா குரலை இறக்கினாள். எங்கள் பக்கம் முதல் வளையல் தாய்மாமன் பெண்டாட்டி போட வேண்டும்; அது முறை. "வல்லிய அன்னைக்குக் கொஞ்சம் பின்னாடி நிக்கச் சொல்லு தம்பி. தப்பா நெனைக்காத. பிள்ளைத்தாச்சி விஷயம். என் கொழுந்தன் பொண்டாட்டி போட்டுக்கிடட்டும்."

"சரிக்கா" என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு பேசினால் அப்படித்தான். வல்லி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

கேட்டிருக்கிறது. இன்று அவள் வேகத்துக்கு நடந்தாள். அவள் பதினொரு சுற்று, நான் ஆறு. ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் காற்றடித்தது.

மே 27, செவ்வாய்

மூன்றாவது பரிசோதனை. உண்மையான வெறும் வயிறு. கடைக்கே போகவில்லை, கோமதிநாயகம் பார்த்துக்கொண்டான்.

347.

எடை எண்பத்து மூன்று. ரத்தத்தில் சர்க்கரை சரியாகிவிட்டது. விந்தணுவும் தேறிவிட்டதாம். டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். குழந்தை உண்டாகும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் இனிமேல் உங்கள் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது என்றார். மருந்து மாத்திரை ஒன்றும் இல்லாமல் இவ்வளவு ஏற்றியவர்களைத் தான் அதிகம் பார்த்ததில்லையாம். நான் வல்லியைக் காட்டினேன். அவள் சுவரில் இருந்த கருப்பைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முந்நூற்று நாற்பத்தேழு. கோமதிநாயகத்துக்கு போன் போட்டேன். மணி அடித்தது. அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். இப்போது ஏறியிருக்கிறது என்று சொன்னால், இதற்கு முன் எங்கே இருந்தது என்று கேட்பான். முதலாளியிடம் சொன்னால் முருகன் என்னாவது. அக்காவிடம் சொன்னால்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன், காட்ட ஆள் இல்லை.

வல்லியிடம் மட்டும், சந்தோஷம்தானே என்று கேட்டேன். இரண்டு இளநீர் வாங்கினாள். தனக்கு ஒன்று, எனக்கு இன்னொன்றில் பாதி மட்டும், சர்க்கரைக் கணக்கு. குடித்து முடித்த பிறகு பேசினாள்.

"சந்தோஷந்தான். நீங்க கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். பிள்ளை வந்தா வரட்டும், வராட்டாலும் சரி. அதுக்கு அழ வேண்டியத நான் அழுது முடிச்சிட்டேன். உங்க அக்கா என்னயச் சொல்லும்போதெல்லாம் நீங்க பக்கத்துல கரும்பு வெட்டிக்கிட்டே இருக்கீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

இளநீர்க்காரர் வழுக்கையை வெட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 4, புதன்

அக்காவுக்கு இன்று மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை, லட்டில் முந்திரி போடவா என்று கேட்டேன். இரண்டாவது முறை, கிராம்பு வேண்டுமா என்று கேட்டேன். மூன்றாவது முறை அவளே, என்னல, ஒனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூன் 7, சனி

முந்நூறு லட்டு பிடித்தேன். ஒன்றுகூட உருண்டையாக வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சங்கரன்கோவிலில் அக்கா வீட்டு ஹால். மாரிச்செல்வி பச்சைப் பட்டில் மனையில் உட்கார்ந்திருந்தாள், சந்தனம் பூசிய கன்னத்தோடு. நாற்பது ஐம்பது பெண்கள். ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தோம். தாம்பாளத்தில் கண்ணாடி வளையல்கள். வல்லி ஹாலின் கடைசியில், வாசல்படியை ஒட்டி நின்றுகொண்டு, வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதை அவளே செய்துகொண்டாள்.

அக்கா தன் கொழுந்தன் மனைவியை முன்னால் கூப்பிட்டாள். அந்த அம்மா வளையலை எடுத்தார். நான் ஒரு தட்டு லட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் கூட்டத்துக்குள் போனேன். லட்டு தேவைப்படாத நேரம். வேறு எதை வைத்துக்கொண்டு உள்ளே போவது என்று தெரியவில்லை.

"அக்கா, முதல் வளையல் தாய்மாமன் பொண்டாட்டி போடணும்லா" என்றேன்.

நல்ல நேரம் போகிறது, வெளியே போய் உட்காரு தம்பி என்று அக்கா சிரித்தபடியே சொன்னாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. வழக்கமாக அந்தச் சிரிப்புக்கு நான் திரும்பிவிடுவேன். இன்றும் கால் திரும்பிவிட்டது. வாய்தான் திரும்பவில்லை.

"வல்லிகிட்ட ஒரு குறையும் இல்லக்கா. எங்கிட்டதான். ஆம்பளைக்கு இருக்க வேண்டிய ஹார்மோன் எனக்கு இருநூத்திப் பன்னெண்டுதான் இருந்துச்சு. முந்நூறு இருக்கணும். இனிப்பத் தின்னு தின்னு நான் கெடுத்துக்கிட்டது. ஆறு வருஷமா ஊசியெல்லாம் அவ போட்டுக்கிட்டா, பேச்செல்லாம் அவ கேட்டுக்கிட்டா. இப்ப முந்நூத்தி நாப்பத்தேழுக்கு வந்திருக்கு, அதுவும் அவளாலதான்."

கையில் லட்டுத் தட்டு சாய்ந்து, மேலே இருந்த ஒன்று உருண்டு விழுந்து யாருடைய பட்டுச்சேலைக்கோ அடியில் போனது. பின்னாலிருந்து ஒரு வயசான அம்மா பக்கத்திலிருந்தவரிடம், அது நல்ல மார்க்கா என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. வாசலில் அரசியலும் நின்றுவிட்டது. அத்தனை மச்சான்மாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கதை இன்று சாயங்காலத்துக்குள் தென்காசி தாண்டிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் அப்படிக் கதைகளைத் தாண்டவிடுகிற ஆள், எனக்குத் தெரியாதா.

வல்லியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாரிச்செல்வியைப் பார்த்தேன். அவள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. கொழுந்தன் மனைவி பக்கம் நீட்டியிருந்த கையை மெதுவாக எடுத்து, வாசல்படிப் பக்கமாக நீட்டினாள்.

"அத்தை, வாங்க. எவ்வளவு நேரம் கைய நீட்டிக்கிட்டே இருக்க, வலிக்கில்லா" என்றாள்.

வல்லி தாம்பூலப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அத்தனை கண்களுக்கு நடுவில், எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்ப்பவள் போல நேராக நடந்து வந்தாள். கொழுந்தன் மனைவி வளையலை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். நல்ல மனுஷி. மாரிச்செல்வியின் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, ஒரு வளையல்கூட உரசாமல் வல்லி ஏற்றினாள். பிறகு மாரிச்செல்வி தாம்பாளத்திலிருந்து எடுத்து வல்லியின் கையில் போட்டுவிட்டாள். ஒன்று போட்டால் போதும். ஏழு போட்டாள். மற்றக் கையையும் இழுத்து ஆறு போட்டாள்.

நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்தாள்.

"இத ஏம்ல இத்தன நாளாச் சொல்லல?"

பதில் அவளுக்கும் தெரியும். தண்ணீரைக் குடித்தேன். அக்கா வல்லியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவள் சுபாவம் அதில்லை. பந்தியில் வல்லியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தாள். வல்லி அதைச் சாப்பிட்டாள். நானாக இருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் வல்லி. கழுகுமலை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆறு வருடத்தில் பஸ்ஸில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எப்போதும் நான் தூங்குவேன், அவள் பைகளைப் பார்த்துக்கொள்வாள்.

ஜூன் 9, திங்கள்

கடையில் முதலாளியிடம் விரதக் கதை பொய் என்று சொன்னேன். தெரியும் என்றார். காலையிலேயே சங்கரன்கோவிலிலிருந்து யாரோ சொல்லிவிட்டார்களாம். பரவாயில்லை, விபூதி பூசியது பூசியதுதான் என்றார்.

வல்லி இன்று அந்தப் பதிமூன்று கண்ணாடி வளையல்களோடு பள்ளிக்குப் போனாள். மைதானத்தில் கண்ணாடி வளையல் கூடாது என்பது அவளுடைய சட்டம். போட்டு வருகிற பிள்ளைகளைக் கழற்றிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறவள். சாயங்காலம் வந்தபோது எண்ணினேன். பதினொன்று. இரண்டு உடைந்துவிட்டதாம், கோ-கோ சொல்லிக் கொடுக்கும்போது.

பிள்ளைகள் விடவில்லையாம். டீச்சர், எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா என்று கேட்டார்களாம்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கழட்ட மாட்டேன்னு சொன்னேன்."

வளையலுக்குக் காசு கொடுத்தது அக்கா. நான் திருத்தப் போகவில்லை.